சீனி வருத்தம் நூற்றுக்கு எத்தனை?

கேள்வி: எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு சீனியும் பிரஷரும்தான். இலங்கையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று ஒரு கட்டுரை சொல்கிறது, 23 பேருக்கு என்று இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது? அம்மம்மா காலத்தில் இந்த வருத்தங்களே இருக்கவில்லை. எல்லாம் யூரியா செய்த வேலைதானே? நாவல் விதைத் தூள் குடித்தால் குளிசையே தேவையில்லை என்றும் சொல்கிறார்கள். எனக்கு 47 வயது. ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை.
- வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: இரண்டையும் நம்பலாம், ஐயா. பத்து என்பது 2005-06இல் எடுத்த கணக்கு. 20 வயதைக் கடந்தவர்களில் 10.3 வீதம். ஆனால் அதில் நமக்கென்று ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் ஆய்வு நடந்தது. யுத்தகாலம் என்பதால் வடக்கும் கிழக்கும் விடுபட்டுப் போயின. களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு நீங்கள் நம்புவதா விடுவதா என்று யோசிக்கிற அந்தப் பத்தில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை, நானும் இல்லை.

23 என்பது பதின்மூன்று வருடம் கழித்து, 2018-19இல் எடுத்தது. அந்தப் பழைய ஆய்வைப் போலவே இதிலும் வெறுவயிற்றில் இரத்தம் எடுத்ததோடு விடவில்லை. குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி எடுத்தார்கள். வலைக்கண் சின்னதானால் மீன் கூடப் படும். வாவிக்கரை ஆளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் 14.6 என்று ஒரு கணக்கும் உண்டு. அது 2021இல், 18 முதல் 69 வயது வரையானவர்களிடம், வெறுவயிற்றுச் சோதனையை வைத்து எடுத்தது. அதே ஆய்வில் பிரஷர் நூற்றுக்கு 34.8. மூன்று பேர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தால் அதில் ஒருவருக்கு.

நீங்கள் கேட்காமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பழைய பத்து வீத ஆய்வில் சீனி வருத்தம் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்களுக்கு, இரத்தம் எடுத்த அன்றைக்குத்தான் அது தெரியவந்தது. பிரஷரில் உலகம் முழுக்க இதைவிட மோசம். 2019 கணக்குப்படி 30 முதல் 79 வயது வரை 128 கோடிப் பேருக்கு இருந்தது, அதில் 46 வீதம் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்றது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்கு வீடு என்று நீங்கள் விரல் மடித்து எண்ணுகிறீர்களே, அது தெரிந்தவர்களின் கணக்கு மட்டும்.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். காலை ஐந்தரைக்கே வாங்கில் கிளினிக் கொப்பிகள் வரிசையாக அடுக்கியிருந்தன, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு செங்கல் துண்டு. கொப்பி வரிசையில் நிற்க, ஆட்கள் மரத்தடியில் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்: 41 பெண்கள், 9 ஆண்கள். அந்த ஒன்பதில் ஒருவருக்குக் காலில் பெரிய கட்டு. வயலில் ஆணி ஏறியிருக்கிறது, மூன்று நாளாகத் தெரியவே இல்லை. கால் விறைத்துப் போயிருந்தது. புண்ணுக்கு மருந்து கட்டப் போன இடத்தில்தான் சீனி பார்த்து, 300க்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். அவரும் அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் போனதில்லையாம்.

நம் ஆண்களிடம் வயிறு பெருப்பது பிடிபடாமல் போவதற்குச் சாரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். காற்சட்டை இறுகினால் தைத்தவனைத் திட்டியாவது விஷயம் தெரியும். சாரத்துக்கு அந்தக் கவலை இல்லை, கொஞ்சம் தளர்த்திச் செருகினால் முடிந்தது. நம் ஆட்களில் ஆணுக்கு இடுப்பு 90 சென்றிமீற்றர், பெண்ணுக்கு 80, இதற்கு மேல் போனால் கவனிக்கச் சொல்கிறார்கள். வெள்ளைக்கார ஆண்களுக்குச் சொல்லும் அளவு இதைவிடக் கூட. அவர்களைவிட மெலிந்த உடம்பிலேயே நமக்குச் சீனி வந்துவிடுகிறது.

சரி, யூரியா. அதே 2005-06 ஆய்வில் பட்டணத்தில் 16.4 வீதம், கிராமத்தில் 8.7. யூரியா மூட்டையைக் கண்ணால் காணாதவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. ‘அரிசியை எல்லோரும்தானே தின்கிறோம்’ என்பீர்கள். தின்கிறோம்தான். குற்றம் அரிசிக்குள் போன யூரியாவில் என்றால் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல அல்லவா வர வேண்டும்? வடமத்திய மாகாணத்தில் தொண்ணூறுகளிலிருந்து பேசப்படும் சிறுநீரக வருத்தத்தில் தண்ணீரா, இரசாயனமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அது வேறு வழக்கு, அதைக் கொண்டுவந்து இதில் சேர்க்காதீர்கள்.

அம்மம்மா காலத்தில் இல்லை என்பதும் சரியில்லை. நீரிழிவு என்ற பெயரை நேற்று யாரும் வைக்கவில்லை. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தே பழைய வைத்தியர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். குறைவாக இருந்தது என்றால் ஒத்துக்கொள்கிறேன். அம்மம்மா நெல்லுக் குத்தினா, தண்ணீர் அள்ளினா, சந்தைக்கு நடந்தா. நமக்கு மில் அரிசி, கடைக்குப் போக மோட்டார் சைக்கிள், பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி. சோடாப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் 2016இலிருந்து இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் பெட்டி பெட்டியாக வாங்குகிறோம், அந்த வட்டத்தை யார் பார்க்கிறோம்? அப்புறம் இன்னொன்று. 1946 அளவில் இந்த நாட்டில் சராசரி ஆயுள் நாற்பதைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது. ஐம்பதில் வருகிற வருத்தத்துக்குப் பலர் காத்திருக்கவே இல்லை.

35 வயதைக் கடந்தவர்களுக்கு இலவசமாகச் சீனி, பிரஷர், இடுப்பளவு எல்லாம் பார்த்து அனுப்பும் நிலையங்கள் 2011 முதல் அரச ஆஸ்பத்திரிகளில் இயங்குகின்றன. அங்கேயும் வருவது பெரும்பாலும் பெண்கள்தான். வெறுவயிற்றில் போங்கள். வேலை அரை நாளில் முடிந்துவிடும்.

நாவல் விதைத் தூளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிசை எடுப்பவர்கள் தூளை நம்பி அதை நிறுத்த வேண்டாம். உங்கள் விஷயத்தில் நிறுத்துவதற்குக் குளிசையும் இல்லை, குறைப்பதற்குக் கையில் ஓர் எண்ணும் இல்லை. தூளை யார் கணக்கில் குடிக்கப் போகிறீர்கள்?