ஜோகூர் குளுவாங் ரயில் அண்ணன்கிட்ட கேளுங்க

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் ரயில் ஏன் எல்லையோரம் உட்லண்ட்ஸோட நின்னுடுது? அப்பா காலத்துல ஊருக்குள்ளயே போச்சாமே.

பதில்: போச்சு தங்கச்சி, தஞ்சோங் பகார் வரைக்கும். 1932ல தொறந்த ஸ்டேஷன். நிலம் நம்ம மலேசிய ரயில்வே கையில இருந்துச்சு, அதான் சிக்கல். 1990ல ரெண்டு அரசாங்கமும் ஸ்டேஷன மாத்த ஒப்பந்தம் போட்டாங்க, ஆனா இழுத்து இழுத்து 2011 ஜூன் 30 ராத்திரிதான் கடைசி வண்டி கெளம்புச்சு, ஓட்டுனது ஜோகூர் சுல்தான். வேடிக்கை என்னன்னா 1998ல சிங்கப்பூர் இமிகிரேஷன் உட்லண்ட்ஸுக்கு மாறிடுச்சு, நம்ம மலேசிய இமிகிரேஷன் ஆளுங்க தஞ்சோங் பகார்லயே உக்காந்துட்டாங்க. அதனால நான் வீட்டுக்கு வர்றப்பல்லாம் மொதல்ல மலேசியாவுக்குள்ள நொழைஞ்சிடுவேன், அப்புறம் ரயில் ஏறி, உட்லண்ட்ஸ்ல எறங்கி வரிசையில நின்னு சிங்கப்பூர விட்டு வெளிய வருவேன். மடியில புளிச்சோத்துப் பொட்டலம், கையில பாஸ்போர்ட்டு, நான் எந்த நாட்டுல இருக்கேன்னே தெரியாது.

கேள்வி: ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் ஓடுற தெப்ராவ் ஷட்டில் ரயில் டிக்கெட் எவ்வளவு?

பதில்: ஜேபில (ஜொகூர் பாரு) இருந்து 5 மலேசிய வெள்ளி, உட்லண்ட்ஸ்லேருந்து திரும்ப 5 சிங்கப்பூர் வெள்ளி. அஞ்சு நிமிஷ ஓட்டம். முன்கூட்டியே புக் பண்ணுங்க, லீவு நாள்ல கெடைக்காது.

கேள்வி: தெப்ராவ் டிக்கெட் கவுண்டர்ல...

பதில்: மேல பாருங்க தம்பி.

கேள்வி: தாய்லாந்து ஹாட்யாய் போகணும், எல்லையில பாடாங் பெசார்ல எறங்குனா போதுமா?

பதில்: போதும், அங்க தாய்லாந்து வண்டி மாறணும். கடிகாரத்தப் பாத்துக்குங்க! தாய்லாந்து நேரம் நம்மளவிட ஒரு மணி நேரம் பின்னாடி. அவங்க அட்டவணையில 2 மணின்னா நமக்கு 3. நூறு தடவ சொல்லிட்டேன்.

கேள்வி: ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா (தாய்லாந்து-மியன்மார்) ரயிலுக்கு நம்ம குளுவாங் தண்டவாளத்தத்தான் புடுங்கிட்டுப் போனானாம், தாத்தா சொன்னாரு.

பதில்: இல்ல தம்பி, புடுங்குனது கிழக்குக் கரை லைன்ல, கெமாஸ்ல பிரிஞ்சு தும்பாட் போகுதே அது. குளுவாங் வழிய அவன் தொட மாட்டான், சிங்கப்பூருக்கு வண்டி ஓட்ட அவனுக்கே அதான் வேணும்.

இன்னொருத்தர்: அப்ப எங்க தாத்தா பொய் சொல்றாரா? தோட்டத்துல இருந்து ஆள ஏத்துனத கண்ணால பாத்தவரு.

பதில்: ஐயோ, அது வேற லா. ஆள ஏத்துனது உண்மை. தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) இருந்தவங்கள சம்பளம், அரிசின்னு ஆச காட்டி, சில எடத்துல வளைச்சுப் புடிச்சும், சரக்கு வண்டியில அடைச்சு பாடாங் பெசார் தாண்டி தாய்லாந்துல பான் போங் வரைக்கும் கொண்டு போனாங்க. 415 கிலோமீட்டர் லைன், 1943 அக்டோபர்ல முடிச்சான். காலரா, மலேரியா, பட்டினி, செத்தது பல்லாயிரம், அதுல நம்ம சனம் எத்தனை பேருன்னு ஒழுங்கா எழுதி வெச்ச கணக்கே கெடையாது. தாத்தா பாத்தது ஆளுங்க போனத. தண்டவாளம் போனது கேள்விப்பட்டதா இருக்கும். அவர் இன்னும் நல்லா பேசுறார்னா இன்னிக்கே போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, எந்தத் தோட்டம், எத்தனை பேரு, யாரு திரும்பி வந்தாங்கன்னு கேளுங்க.

கேள்வி: அண்ணே, தெப்ராவ் டிக்கெட் எவ்வளவு?

பதில்: 5 வெள்ளி. நான் டீ குடிக்கப் போறேன்.