பத்துப் பெண்களால் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் தெருவில் இந்துக்களும் முஸ்லிம்களும் பல காலமாக ஒன்றாக வாழ்கிறோம். சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் பரவிய ஒரு பொய்ச் செய்தியால் பேச்சு தடித்து, காவல்துறை வரும் அளவுக்குப் போய்விட்டது. பெண்கள் பத்துப் பேர் அமைதிக்காக ஏதாவது செய்ய நினைக்கிறோம். "நீங்கள் பதாகை பிடித்தால் சண்டை நின்றுவிடுமா?" என்று என் கணவர் கேட்கிறார். என்ன சொல்வது?
— ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்விதான், பதாகையால் மட்டும் எந்தச் சண்டையும் நின்றதில்லை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் 2003-ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போரின் நடுவே, தேவாலயத்துப் பெண்களும் பள்ளிவாசலைச் சேர்ந்த பெண்களும் வெள்ளை உடை உடுத்தி, தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தையருகே வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். கானா நாட்டில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அவர்களில் பலர் அங்கேயே சென்று மண்டப வாசலை மறித்து அமர்ந்து, உடன்பாடு காணாமல் யாரும் வெளியேறக் கூடாது என்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களை வழிநடத்திய லேமா போவீ 2011-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பெண்கள் முதலில் ஒருவரையொருவர் நம்பினார்கள் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த நம்பிக்கை நம் தெருக்களில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் சிறுவயதில் ரமலான் மாதம் பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். வாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஒரு வருடம் ஊரில் ஏதோ வதந்தி கிளம்பியதால், அந்த வாளி எங்கள் அடுக்களையிலேயே பல நாள் கிடந்தது. ஒரு மாலை அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கி, நிறைய வெல்லம் போட்டு மூடி, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறினார். அந்தம்மா வாளியை வாங்கிக்கொண்டு, "ஏன் இத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள்.

ஆகவே பதாகைக்கு முன்பு, இரு தரப்பிலும் இரண்டிரண்டு பெண்களைத் தேர்ந்து, அவர்கள் கைப்பேசி எண்களைப் பத்துப் பேரும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான செய்தி வந்தால் அதை வேறு எவருக்கும் அனுப்பாமல், சம்பந்தப்பட்ட வீட்டாரிடமே கேட்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். வதந்தி பரவும் முதல் ஒரு மணி நேரத்தில் இது செய்யும் வேலையை, பிறகு நடத்தும் எந்தக் கூட்டமும் செய்யாது. பொது இடத்தில் கூடி நிற்பதென்றால், சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி ஐந்து நாள்களுக்கு முன்பே அனுமதி கோரி எழுதிக் கொடுங்கள்.

சென்ற மாதச் சச்சரவில் மனம் புண்பட்ட வீடு எதுவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள். உங்கள் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.