உதட்டு ஊசிக்குப் பின் சிரிப்பு கோணலாகிவிட்டது

கேள்வி: மேலுதடு எடுப்பாகத் தெரிய, தெரிந்த பெண் ஒருவரின் வீட்டில் போடோக்ஸ் போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் ஆகிறது. ஸ்ட்ராவில் குடிக்க முடியவில்லை, 'ப' சரியாக வரவில்லை, சிரித்தால் ஒரு பக்கம் கோணுகிறது. இணையத்தில் பார்த்து மசாஜ் செய்கிறேன், வீட்டிலிருந்த ஆன்டிபயாடிக்கும் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் தங்கை திருமணம். முகம் இப்படியே நின்றுவிடுமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நிற்காது. போடோக்ஸ் மிகச் சிறு அளவில் போடப்படும் ஒரு நஞ்சு; நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைச் சில காலம் தடுக்கிறது, அவ்வளவுதான். வாயைச் சுற்றியுள்ள தசை தளர்வதால்தான் மேலுதடு வெளியே மடிந்து தெரிகிறது. ஸ்ட்ராவும் 'ப'வும் சிரமமாவதும் அதனால்தான். பெரும்பாலும் 2, 3 மாதங்களில் சரியாகிவிடும். உதட்டைப் பருமனாக்க நிரப்பும் ஃபில்லரைக் கரைப்பதுபோல் இதைக் கரைக்க ஊசி கிடையாது, எனவே திருமணத்துக்குள் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மசாஜை இன்றே நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக்கை யாரைக் கேட்டுச் சாப்பிடுகிறீர்கள்? உங்களுக்கு இருப்பது கிருமித் தொற்று இல்லை. சில வகை ஆன்டிபயாடிக்குகள் இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டவும் செய்யும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா? விழுங்கக் கஷ்டமா? குரல் மாறியிருக்கிறதா, இமை தொங்குகிறதா, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதா? மருந்து ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவினால் இப்படித்தான் தொடங்கும். சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்; விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். ஊசி போட்டதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எதிர்மருந்து இருக்கிறது, ஆனால் அது நரம்பில் ஏற்கெனவே ஒட்டிய நஞ்சை எடுக்காது, இனி ஒட்டாமல்தான் தடுக்கும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கு நஷ்டம்.

சிங்கப்பூரில் இந்த ஊசியை மருத்துவர்தான் போடலாம். வீட்டில் போட்டவரிடம் என்ன மருந்து, எத்தனை யூனிட் என்று யார் கேட்பது? ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமம்கூட இல்லை. அந்தக் குப்பியின் படம் கிடைத்தால் வாங்கிக்கொண்டு, இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, தசைச் சோர்வு நோய் இருந்தாலோ முதலில் அதைச் சொல்லுங்கள். கோணலைச் சரிசெய்ய அதே பெண் இன்னொரு ஊசி போட்டுவிடுகிறேன் என்பார். வேண்டாம்.