வாசகர் கேள்வி – பதில்: வீட்டுப் படலையைத் திறந்து வந்த வைத்தியசாலை

நம் வைத்தியசாலைகளின் வரலாறு பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்தவற்றுள் சிலவற்றுக்கு, கிழக்கில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் இங்கே பதில் தருகிறார்.

கேள்வி: என் அம்மம்மா பதினொரு பிள்ளைகளைப் பெற்றார், தப்பியவர்கள் ஆறு பேர்தான். எல்லாப் பிரசவமும் வீட்டில், ஊர் மருத்துவிச்சியின் கையில் நடந்தன. என் அம்மாவும் என்னை வீட்டில்தான் பெற்றார். ஆனால் அப்போது அரசாங்க மிட்வைஃப் வந்து பிரசவம் பார்த்ததாகச் சொல்வார். என் மகள் போன மாதம் ஆதார வைத்தியசாலையில் பெற்றெடுத்தாள். இவ்வளவு மாற்றம் எப்படி வந்தது? — ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்குள்ளேயே பதிலின் பாதி இருக்கிறது. அம்மம்மாவின் வீட்டுக்கும் மகளின் வார்ட்டுக்கும் நடுவில், உங்கள் அம்மாவைத் தேடி வந்தாரே ஓர் அரசாங்க மிட்வைஃப், அவரிடமிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது கொழும்பில் இருந்தது. பிரசவ வலியில் துடிக்கும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பெண்ணுக்கு வாவியைக் கடப்பதே ஒரு பிரயாணமாக இருந்தது. நோயாளி தன்னைத் தேடி வரும்வரை வைத்தியசாலை காத்திருக்கும் என்ற பழைய ஏற்பாட்டை மாற்றியது 1926இல் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவாகும். ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பையும் அங்கு வாழும் மக்களையும் ஒரு வைத்திய அதிகாரியின் பொறுப்பில் விட்டு, அவருக்குக் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் மருத்துவமாதுகளையும் (மிட்வைஃப்) நியமித்து, நோய் வருமுன்னே வீடு வீடாகச் செல்ல வைத்த ஏற்பாடு அது. இன்று நாம் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோர் என்று சொல்வது அந்தப் பிரிவின் வழித்தோன்றல்தான்.

1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தபின், வாக்குக் கேட்டுப் போனவர்களிடம் கிராமத்தார் வைத்தியசாலை கேட்டார்கள். 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன பிறகு அந்தக் கோரிக்கையை யாராலும் தள்ளிப்போட முடியவில்லை. கிராமங்களில் சிறு வைத்தியசாலைகளும் பிரசவ விடுதிகளும் பெருகின. 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்த நாட்டில், இன்று அந்த எண்ணிக்கை 50க்கும் கீழே இருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இரத்த வங்கியும் சிசேரியன் சத்திரசிகிச்சையும் இதில் பெரும் பங்கு வகித்தன என்பது உண்மை. ஆனால் அவை இருக்கும் இடத்துக்கு உரிய நேரத்தில் ஒரு தாய் போய்ச் சேர வேண்டுமே! கால் வீக்கத்தையும் கண் வெளிறலையும் கண்டு, "நீங்கள் இந்த முறை வீட்டில் பெறக்கூடாது, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று முற்றத்தில் நின்று சொன்னவர் மிட்வைஃப்தான்.

அவருடைய வேலையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மாமரக் கொப்பில் தூக்குத் தராசைக் கட்டி, அழுகிற குழந்தையைச் சீலைத் தொட்டிலில் தொங்கவிட்டு, முள் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருந்து நிறையைப் படிப்பார். பிறகு அட்டையில் ஒரு புள்ளி வைத்து, முந்திய மாதத்துப் புள்ளியோடு கோட்டால் இணைப்பார். கோடு மேலே ஏறினால் தாயின் முகத்தில் சிரிப்பு வரும். கிடையாகப் போனால் அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், தகப்பனுக்கு வேலை இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்குவார். அந்த ஒரு கோட்டை நான் பெரிய மருத்துவப் புதுமை என்றே மதிக்கிறேன். ஒரு தாய் இறந்துவிட்டால், அந்த மரணம் ஏன் நேர்ந்தது, எந்த இடத்தில் தாமதம் ஏற்பட்டது என்று வீட்டிலிருந்து வார்ட் வரை தனித்தனியாக ஆராயும் வழக்கமும் நம் நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஊர் மருத்துவிச்சிமாரைக் குறைவாகப் பேச நான் விரும்பவில்லை. வேறு யாரும் இல்லாத காலத்தில் இரவென்றும் மழையென்றும் பாராமல் வந்தவர்கள் அவர்கள்.

கேள்வி: எனது மகன் டெங்குக் காய்ச்சலோடு வார்ட்டில் இருந்தபோது, நாங்கள் யாருக்கும் அறிவிக்காமலே பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டியையும் பூச்சாடிகளையும் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு எப்படித் தெரிந்தது? — ஒரு வாசகர், மருதமுனை

பதில்: வார்ட்டில் உங்கள் மகனின் பெயரும் விலாசமும் எழுதப்பட்ட ஒரு சிறிய அறிவித்தல் அட்டை அவருக்குத் தெரிவித்தது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பட்டியலிலுள்ள நோயொன்று இருக்கலாம் என்று வைத்தியர் சந்தேகித்தாலே அறிவிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த அட்டை நோயாளி வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அங்கே பதிவேட்டில் ஏற்றப்பட்டு, பரிசோதகரின் கைக்கு வரும். அவர் வீட்டுக்கு வந்து பார்த்து, தான் கண்டதை எழுதிக் கொடுப்பார். வாரம் ஒருமுறை இவையெல்லாம் திரட்டப்பட்டுக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் செல்லும். எங்கோ ஒரு தெருவில் நோய் குவிகிறது என்பது அப்படித்தான் தெரியவருகிறது.

இது வெறும் காகித வேலை என்று நினைப்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையை நினைவுபடுத்துவேன். இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். கரையோர வைத்தியசாலைகள் சேதமடைந்தன, கிணறுகளில் உப்புநீர் ஏறியது, பாடசாலை மண்டபங்களில் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. கொள்ளைநோய் பரவும் என்று உலகமே அஞ்சியது. அப்படி எதுவும் பரவவில்லை. முகாம் முகாமாகச் சென்று, எத்தனை பேருக்கு வயிற்றோட்டம், எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எழுதியவர்களில் பலர், தங்கள் சொந்த வீட்டையும் உறவையும் கடலுக்குக் கொடுத்தவர்கள். அதை எழுதும்போது இன்றும் என் கை நடுங்குகிறது.

கேள்வி: கல்லோயாத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த எங்கள் அப்பப்பா, "குளிர்க்காய்ச்சல் இல்லாத வீடு இல்லை" என்பார். இப்போது மலேரியா இல்லை என்கிறார்கள். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்து காய்ச்சல் என்று போன என் தம்பிக்கு மலேரியாவுக்கு இரத்தம் பார்த்தார்கள். ஏன்? — ஒரு வாசகர், மத்தியமுகாம்

பதில்: இலங்கையில் மலேரியாவை முக்கியமாகப் பரப்பியது அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற நுளம்பு. மழை பொய்த்து ஆறு வற்றும்போது, ஆற்று மணலில் தேங்கி நிற்கும் தெளிந்த குட்டைகளில் அது பெருகும். 1934இல் வரட்சியால் ஈரவலய ஆறுகளே வற்றியபோது, முன்பு அதிகம் நோய்ப்படாத மக்களிடையே அது பாய்ந்தது. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியின் தெளிப்புத் தொடங்கிய பின்னரே உலர்வலயத்தில் கல்லோயா போன்ற பெருங்குடியேற்றங்கள் நிலைக்க முடிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவானவர்கள் 17 பேர்தான்.

அந்த 17இல் நாம் ஏமாந்தோம். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அதே பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இரண்டாம் முறை வென்றது மருந்தால் மட்டுமல்ல. காய்ச்சல்காரரைத் தேடி நடமாடும் கிளினிக்குகள் போயின. விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம் கண்ணாடித் தகட்டில் தேய்க்கப்பட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வந்தது. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் யுத்தப் பிரதேசங்களுக்குள்ளும் கொண்டுசெல்லப்பட்டன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. ஆனால் நுளம்பு போய்விடவில்லை. நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய மற்றோர் அனோபிலிஸ் இனம் 2016 இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு வரும் ஒருவரும் இங்குள்ள நுளம்பும் சந்தித்தால் போதும், சங்கிலி மறுபடி தொடங்கிவிடும். உங்கள் தம்பியிடம் கேட்ட அந்த ஒரு துளி இரத்தம் நம் எல்லோருக்குமான காவல்.

கேள்வி: மருத்துவப் புதுமை என்று நம் நாடு உலகுக்கு எதையாவது கொடுத்திருக்கிறதா? — ஒரு மாணவி, காத்தான்குடி

பதில்: கண்களைக் கொடுத்திருக்கிறது, மகளே. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன, ஐஸ் நிரப்பிய ஒரு தேநீர்ப் பிளாஸ்கில். அன்றிலிருந்து பல நாடுகளில் பல்லாயிரம் பேர் இலங்கையர் கொடுத்த விழிவெண்படலத்தால் பார்க்கிறார்கள்.

கேள்வி: அரசாங்க வைத்தியசாலையில் தரும் மாத்திரையின் பெயர் வேறு, பார்மசியில் கேட்டு வாங்கும் பெயர் வேறு. எது நல்லது? — ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பெரும்பாலும் இரண்டும் ஒரே மருந்துதான். பனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த பெயர். பரசிட்டமோல் என்பது மருந்தின் சொந்தப் பெயர். வைத்தியர் தரும் மருந்துத் துண்டில் மருந்தின் சொந்தப் பெயரை எழுத வேண்டும், அவசியமான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வேண்டும், நாட்டுக்குத் தேவையானதை ஒரே இடத்திலிருந்து கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்க வேண்டும் என்று வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய தலைமையில் உருவானது. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். அவர் காலமானதும் அதே ஆண்டில். மருந்து வாங்கக் கடன்படாமல் ஓர் ஏழைக் குடும்பம் தப்புகிறது என்றால், அதில் அவருடைய பங்கு இருக்கிறது. ஆனால் உங்களுக்கு எழுதிய மருந்தை வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்காமல் நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: என் அம்மாவின் தாய்மாமன் ஒருவரை மாந்தீவுக்குக் கொண்டுபோனார்கள் என்றும் அவர் திரும்பி வரவில்லை என்றும் அண்மையில்தான் எனக்குச் சொன்னார்கள். குடும்பத்தில் அவர் பெயரையே யாரும் எடுப்பதில்லை. மாந்தீவில் என்ன நடந்தது? அந்த நோய் எங்கள் பரம்பரையிலும் இருக்குமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மட்டக்களப்பு

பதில்: முதலில் இரண்டாவது கேள்விக்கு: இருக்காது. தொழுநோய் பரம்பரை நோயல்ல, பாவத்தின் பலனும் அல்ல. 1873இல் நோர்வேயின் ஹன்சன் கண்டுபிடித்த ஒரு பற்றீரியாவால் வருவது. மிக மெதுவாக வளர்வது. நம்மில் மிகப் பெரும்பாலானோருக்கு இயற்கையிலேயே அதை எதிர்க்கும் சக்தி உண்டு.

ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு அருகே ஹெந்தலையில் தொழுநோயாளருக்கு வைத்தியசாலை கட்டினார்கள். ஆங்கிலேயரின் 1901ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைப் பிரித்து வைக்க அதிகாரம் கொடுத்தது. பின்னர் மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவிலும் ஒரு தொழுநோய் வைத்தியசாலை ஏற்பட்டது. சுற்றிலும் தண்ணீர் என்பதால் மதில் தேவைப்படவில்லை. நீரடிமுத்து எண்ணெயை வலிக்க வலிக்க ஊசியால் ஏற்றுவதைத் தவிர அக்காலத்தில் வேறு வழியே இருக்கவில்லை. பிரித்து வைத்தவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தொழுநோய்க்கான டாப்சோன் மாத்திரை வந்த பின்பும் பலர் வீடு திரும்பவில்லை. காரணம், நோயை விட நீண்ட ஆயுள் கொண்ட பயம்.

பயிற்சிக் காலத்தில் ஒருமுறை தோணியில் அங்கே போனேன். விரல்கள் மழுங்கிய ஒரு முதியவர், கரண்டியைத் துணிப்பட்டியால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு சாப்பிட்டார். நான் முடிச்சை இறுக்கிவிடக் கையைப் பிடித்தபோது, கையை இழுத்துக்கொண்டார். "பிள்ளை, தொட வேணாம்" என்றார். தொட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று அவரை நம்பவைக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது.

1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை 1983இல் இலங்கைக்கு வந்தது. ஒவ்வொரு நாளைய மாத்திரைக்கும் தனிக்குமிழ் கொண்ட மாத அட்டை, நோயின் வகைக்கு ஏற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, மருந்து இலவசம், வீட்டிலிருந்தே சிகிச்சை. சிகிச்சை தொடங்கிச் சிறிது காலத்திலேயே நோயாளி பிறருக்குத் தொற்றச் செய்யாதவராகிறார். ஆயினும் நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வந்திருக்கிறார்கள். கிழக்கு மாகாணமும் அதில் உண்டு.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அதில் உணர்ச்சி குறைந்திருந்தால், வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தேமலைத் தொடுவார்கள். தொட்ட இடத்தை நீங்கள் விரலால் காட்ட வேண்டும். பரிசோதனை இவ்வளவில் தொடங்குகிறது, நோவு எதுவும் இல்லை. உங்கள் அம்மாவின் மாமனுடைய பெயரையும் இனி வீட்டில் சொல்லுங்கள்.