பச்சைத் தண்ணீர்க் குளியல்: பி.பி. உள்ளவர் ஆரம்பிக்கலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. அம்பத்தூரில் இருக்கிறேன். நான்கு வருடங்களாக பி.பி.க்கு டெல்மிசார்டன் 40 மி.கி. சாப்பிடுகிறேன். போன மாதம் பார்த்தபோது 152/94 இருந்தது. சின்ன வயதிலிருந்தே வெந்நீர்க் குளியல்தான் பழக்கம். தினமும் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் மனசு லேசாகும், எதிர்ப்புச் சக்தி கூடும், எடையும் இறங்கும் என்று சொல்லி, கல்லூரியில் படிக்கும் என் மகள் கீசரை அணைத்துவிட்டாள். முதல் நாள் ஷவருக்கு அடியில் தலையைக் காட்டியதுமே மூச்சு முட்டி, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சளி கட்டி ஜன்னி வந்துவிடும் என்கிறார் அம்மா. தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் முக்கியமானது அந்த மூச்சு முட்டல்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குளிர்ந்த நீர் திடீரென்று முதுகிலும் மார்பிலும் விழும்போது, நம்மைக் கேட்காமலேயே உடம்பு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அதன்பின் மூச்சு வேகமாகும், நாடித் துடிப்பு ஏறும், தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும், பி.பி. உயரும். பி.பி. எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லும் பரிசோதனையே மருத்துவத்தில் உண்டு. இந்த அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கிவிடும். நல்ல இதயத்துக்கு இதனால் பாதிப்பில்லை. ஐந்தாறு முறை பழகினாலே அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிவிடுவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் 152/94 என்றால் உங்கள் பி.பி. கட்டுப்பாட்டில் இல்லை. ஏற்கெனவே ஏறி நிற்பதை இன்னும் ஏற்றிப் பார்க்க இது நேரமில்லை.

ஆக, முதல் வேலை குளியலறையில் இல்லை. உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் அளவை அவர் மாற்றட்டும், நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஈ.சி.ஜி. எடுத்து வெகுநாள் ஆகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எவ்வளவு சேருகிறது என்று வீட்டில் ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து 140/90க்குக் கீழே இருந்தால் பச்சைத் தண்ணீருக்கு வரலாம்.

இனி உங்கள் மகள் சொன்னதற்கு வருவோம். 2016இல் நெதர்லாந்தில் இருந்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினர், வழக்கமான வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60 அல்லது 90 விநாடி குளிர்ந்த நீரில் நின்றார்கள். இப்படி 30 நாள். அவர்கள் நோய் விடுப்பு எடுப்பது 29 சதவீதம் குறைந்தது. ரீல்ஸ்களில் சுற்றுவது இந்த எண்தான். அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதாவது, நோய் வந்தது, ஆனாலும் வேலைக்குப் போனார்கள். காய்ச்சலோடு ஆபீஸுக்குப் போவதை எதிர்ப்புச் சக்தி என்று நான் சொல்ல மாட்டேன். 30 விநாடி நின்றவர்களுக்கும் 90 விநாடி நின்றவர்களுக்கும் பலனில் வித்தியாசமில்லை என்பது மட்டும் நல்ல செய்தி.

மூளையில் உற்சாகத்தோடு தொடர்புடைய ரசாயனமான டோபமைன் 250 சதவீதம் கூடும் என்பதையும் மகள் கேட்டிருப்பார். அது 14 டிகிரி நீரில் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களிடம் அளந்தது. நம் வீட்டு ஷவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எடை விஷயமும் அப்படித்தான். இரண்டு நிமிடக் குளியலில் கூடுதலாக எரியும் கலோரி ஒரு மெதுவடைக்குக்கூட ஈடாகாது.

இன்னொன்றும் உண்டு. அந்த நெதர்லாந்து ஷவரில் வந்தது 10, 12 டிகிரி தண்ணீர். சென்னையில் போர் தண்ணீர் வருடம் முழுக்க 28 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மார்கழி விடியலில் மோட்டார் போட்டதும் வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ராத்திரி முழுக்க மொட்டைமாடித் தொட்டியில் ஆறிய தண்ணீர்தான் சில்லென்று இருக்கும். சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு அதே குழாயைத் திறந்தால் கை சுடும். எனவே அந்த ஆய்வுகளின் லாபத்தை நாம் முழுதாக எதிர்பார்க்க முடியாது. அவற்றின் ஆபத்தும் நமக்குக் குறைவுதான். நீங்கள் ஊட்டியிலிருந்து எழுதியிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பின் எதற்குத்தான் குளிப்பது? தூக்கக் கலக்கம் போய் ஒரு சுறுசுறுப்பு வரும். அது நிஜம். எனக்கு அதுவே போதுமான காரணம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: சளிக்குக் காரணம் வைரஸ், தண்ணீர் இல்லை. ஜன்னியும் வராது. ஆனால் ஆஸ்துமாவோ அலர்ஜித் தும்மலோ உள்ளவர்களுக்குக் குளிர்ச்சி அதைத் தூண்டிவிடலாம். அந்த அளவில் அவர் சொல்வது சரி.

பி.பி. சரியானபின் ஷவரில் ஆரம்பிக்க வேண்டாம். வாளியும் மக்கும் போதும். முதல் வாரம் வெந்நீர் விளாவியே குளியுங்கள், விளாவும் வெந்நீரை நாளுக்கு நாள் குறையுங்கள். முதலில் பாதம், பிறகு முழங்கால், கை, தோள், கடைசியில் முதுகும் தலையும். ஊற்றும்போது மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். ஆற்றுப் படித்துறையில் நம் பெரியவர்கள் ஒவ்வொரு படியாக இறங்கி, இடுப்பளவில் கொஞ்சம் நின்று, பிறகுதான் முங்குவார்கள். அதே கணக்குதான். முதலில் தலையில் ஊற்றினால் பக்கவாதம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஆதாரமில்லை. காலில் ஆரம்பிக்கச் சொல்வது மூச்சு முட்டாமல் இருக்கத்தான்.

முதல் சில நாட்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், ஐந்து நிமிடத்திலும் அடங்காத படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தண்ணீர் பட்ட இடம் தடித்து அரித்தாலும், விரல்கள் வெளுத்து மரத்தாலும் இந்தப் பழக்கம் உங்களுக்கு வேண்டாம். ஐஸ் கட்டி வாங்கி டிரம்மில் போட்டு உட்காரலாம் என்று மகள் அடுத்து சொன்னால், அதற்கு என் பதில் இப்போதே: கூடாது.

கீசரையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். தூக்கம் வராமல் புரளும் நாட்களில், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் வெந்நீரில் குளித்தால் சீக்கிரம் தூக்கம் வரும். அதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது.