இரண்டு முறை தோற்ற பிறகும் ஒரு கனவைத் தொடரத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

ஆசைப்பட்ட ஒன்றில் இரண்டு முறை தோற்றுவிட்டது, வீட்டிலும் "போதும் விடு" என்கிறார்கள், மூன்றாவது முறை இறங்கத் துணிவு வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கனவு என்னவென்று நீங்கள் எழுதவில்லை. என்னுடையது நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவது. அதை வைத்தே சொல்கிறேன்.

நான் கோவையில் பள்ளி ஆசிரியை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் 'பிஆர்எம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். பாரிஸில் உள்ள ஒரு பழைய சைக்கிள் சங்கம் வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கும், நேர வரம்புள்ள நெடுந்தூரச் சைக்கிள் பயணம் அது. 200 கி.மீ. என்றால் 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாமே அதற்குள்தான். வழியில் 'கன்ட்ரோல்' என்று, வந்ததைப் பதிவு செய்ய வேண்டிய சில இடங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் குறித்த நேரத்தில் மூடிவிடும். பந்தயம் கிடையாது, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் இல்லை. இந்த நான்கு தூரத்தையும் ஒரே பருவத்தில், அதாவது நவம்பர் 1-இல் இருந்து அடுத்த அக்டோபர் 31-க்குள், முடித்தவரை 'சூப்பர் ராண்டனர்' என்பார்கள். அந்தப் பெயருக்குத்தான் ஆசைப்பட்டேன். இன்னும் ஆசைப்படுகிறேன்.

200 முடிந்தது. முதல் 300-இல் நின்றுபோனேன். பாலக்காடு வழியாகத் திருச்சூரைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும் பாதை. கோவைக்காரர்களுக்குத் தெரியும், தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று. மேற்கே போகிறவருக்கு அது முழுக்க எதிர்க்காற்று. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சக்கரம் உருளும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 150-ஆவது கிலோமீட்டரில் உள்ள கன்ட்ரோல் மாலை 4 மணிக்கு மூடிவிடும். நான் போய்ச் சேர்ந்தபோது அது மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. சைக்கிளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அடுத்தது 400-இல். ராத்திரி ஆனதும் வயிறு எதையும் ஏற்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. இரண்டு கைகளிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்கவே பயமாக இருந்தது. பட்டியலில் என் பெயருக்கு நேரே டி.என்.எஃப். முடிக்கவில்லை என்று பொருள்.

அதற்கப்புறம் சில வாரங்கள் சைக்கிள் பக்கமே போகவில்லை. உடம்பு தேறிவிட்டது, மனசுதான் தேறவில்லை. பள்ளியில் "என்ன டீச்சர், இன்னும் சைக்கிள் ஓட்டுறீங்களா?" என்று யாராவது சாதாரணமாகக் கேட்டாலே சுருக்கென்று இருக்கும். நீங்கள் இப்போது இருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

என்னை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தது எங்கள் குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர். பல 600-களை முடித்தவர். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவே இல்லை. "ஏம்மா, எத்தனாவது கிலோமீட்டர்ல நின்னே? மொதல்ல எது நின்னுச்சு, காலா, கையா, வயிறா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் இரண்டு முறையும் கால் நிற்கவில்லை. மூச்சும் நிற்கவில்லை. முதல் முறை காற்று, இரண்டாம் முறை வயிறும் கையும். "என்னால் முடியாது" என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்துக்கு ஆதாரமே இல்லை. முடியாமல் போனவை மூன்று தனித்தனி விஷயங்கள், மூன்றுக்கும் வழி இருந்தது.

கை மரத்துப்போவது உள்ளங்கையின் ஓரமாகப் போகும் நரம்பு மணிக்கணக்கில் அழுந்துவதால் வருவது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தி, மேலே தடிமனான டேப் சுற்றி, அடிக்கடி பிடியை மாற்றப் பழகியதும் பெருமளவு குறைந்தது. வயிற்றுக்கு, ஓட்டும்போது சக்திக்காகச் சாப்பிடும் பாக்கெட் ஜெல்லை விட்டுவிட்டு, பழகிய சாப்பாட்டுக்கே திரும்பினேன். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக. காற்றை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் பருவம் நவம்பரிலேயே தொடங்குகிறது, தென்மேற்குக் காற்று ஜூனில்தான் வலுக்கும். 300-ஐ அதற்கு முன்பே ஓட்டிவிடலாம் இல்லையா? அப்படித்தான் அதை முடித்தேன்.

இவ்வளவு சின்ன விஷயங்களா துணிச்சல் என்று தோன்றலாம். எனக்கு அப்படித்தான் வந்தது. "நீ சாதிக்கப் பிறந்தவள்" என்ற ரகத்தில் வாட்ஸ்அப்பில் வந்த எதுவும் என்னை மறுபடி சைக்கிளில் ஏற்றவில்லை. ஹேண்டில்பார் உயர்ந்த அன்றைக்கு ஏறினேன். பயம் அப்போதும் இருந்தது. ஆனால் அது எதைப் பற்றிய பயம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தோல்வியை மொத்தமாகப் பார்த்தால் அது நம்மையே விழுங்கிவிடும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எது கைவிட்டது என்று பார்த்தால் அடுத்து செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

இன்னொரு கணக்கும் எனக்கு உதவியது. 600 கி.மீ. என்று நினைத்தாலே வயிறு கலங்கும். 600-ஐ 40-ஆல் வகுத்தால் மணிக்கு 15 கி.மீ. 300-ஐ 20-ஆல் வகுத்தாலும் அதே 15. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரின் வேகம்தான். நிற்கும் நேரத்தை மட்டும் திருட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு டீக்கு அரை மணி நேரம் போய்விட்டால் அதை மிதித்து மீட்பது பெரும்பாடு. அதனால் ஓட்டும்போது நான் 600 பற்றி நினைப்பதில்லை, அடுத்த கன்ட்ரோல் மூடும் நேரம் மட்டும்தான் தலையில் இருக்கும்.

வீட்டுக்கு வருவோம். என் கணவரும் "போதும்" என்றார். என் மாமியார் ஒருபடி மேலே போய் "பிள்ளைகளை விட்டுட்டு ராத்திரி ரோட்டுல என்ன வேலை?" என்றார். முதலில் கோபம் வந்தது. பிறகு ஒருநாள் கணவரிடம் நிதானமாகக் கேட்டேன், "நான் தோத்துடுவேன்னு பயப்படுறீங்களா, இல்ல வேற எதுவுமா?" அவருக்கு நான் தோற்பது பற்றிக் கவலையே இல்லை. லாரிகளைப் பற்றித்தான் பயம். அதைப் பேச முடியும் அல்லவா? இரவில் ஒளி திருப்பும் ஜாக்கெட்டும் விளக்குகளும் விதிப்படியே கட்டாயம். நான் பின்விளக்கை இரண்டாக்கினேன். போன் லொகேஷன் அவர் கையில். இரவில் தெரிந்த இருவரோடு மட்டுமே ஓட்டுவேன். கண் சொருகினால் எந்த யோசனையும் இல்லாமல் பெட்ரோல் பங்க்கில் படுத்துவிடுவேன். இடி மின்னல் என்றால் அதோடு நிறுத்தம், நேரம் போனாலும் பரவாயில்லை. கிளம்பும் முன்பே இதையெல்லாம் முடிவு செய்து வைத்தது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் தைரியம் தந்தது. எங்கே நிறுத்துவேன் என்று தெரிந்தவள் நிம்மதியாகக் கிளம்பலாம். வழியில் உதவி வாங்கக் கூடாது, கன்ட்ரோலில் மட்டும்தான் வாங்கலாம். அதனால் அடுத்த 400-இல் நள்ளிரவில் அவர் ஒரு கன்ட்ரோலில் தயிர்சாதத்தோடு நின்றார். அந்த 400-ஐ முடித்தேன்.

600 இன்னும் முடியவில்லை. அக்டோபர் 31 கடந்துபோனதால் அந்தப் பருவத்தின் 200, 300, 400 எல்லாம் அந்தக் கணக்கில் செல்லாது. மறுபடி 200-இலிருந்து தொடங்க வேண்டும். இதைக் கேட்டு என் தோழி அழுதுவிட்டாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் எதில் தயாராக இல்லை என்று தெரியும். 600-இல் வரும் தூக்கத்தைச் சமாளிப்பது. அதற்கான பயிற்சிதான் இப்போது நடக்கிறது.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த இரண்டு தோல்விகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். "நான் தோற்றேன்" என்று எழுதாமல், முதலில் எது நின்றது என்று எழுதுங்கள். பணமா, நேரமா, உடம்பா, தெரியாத ஒரு பாடமா, கூட இருந்த ஆளா? வீட்டில் "போதும்" என்பவரிடம் எதற்குப் பயப்படுகிறார் என்று தனியாகக் கேளுங்கள். இரண்டையும் இங்கே கருத்தில் எழுதினால், தெரிந்தவரை நானும் சேர்ந்து யோசிக்கிறேன்.