கண்ணில் போடும் ஊசியும் நானோ சொட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானோ துகள் மருந்துகள் பற்றி நீங்கள் முன்பு எழுதியதில், "சின்னதாக இருப்பதுதான் அதன் பலம், எங்கே வேண்டுமானாலும் நுழைந்துவிடும்" என்று ஒரு வரி வரும். அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன். என் அம்மாவுக்கு 61 வயது, 15 வருஷமாகச் சர்க்கரை. வலது கண் ரெட்டினாவில், அதாவது விழித்திரையில், நீர் கோத்திருக்கிறது என்று மாதம் ஒன்றாக இதுவரை 3 ஊசி போட்டாகிவிட்டது. நாலாவதற்கு அடுத்த வாரம் தேதி. இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. நானோ சொட்டு மருந்து வந்துவிட்டதாம், இனிமேல் கண்ணில் ஊசியே வேண்டாமாம். அம்மா அதையே பிடித்துக்கொண்டார். ஊசி என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தூங்க மாட்டார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

கவிதா, திண்டுக்கல்

அன்புள்ள கவிதா,

பொறுக்க வேண்டாம். அடுத்த வாரத் தேதிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அந்த வரி நான் எழுதியதுதான். அது பாதி உண்மை. கண் விஷயத்தில் அது ஒரு அம்மாவின் ஊசித் தேதியைத் தள்ளிப்போடும் அளவுக்குப் போயிருக்கிறது என்றால் நான் திருத்திக்கொள்ள வேண்டும்.

என் பெரியம்மாவுக்கும் இதேதான் வந்தது. 3 ஊசிக்குப் பிறகு நாள்காட்டியில் தேதி தெரிய ஆரம்பித்தது, சரி, குணமாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து விட்டுவிட்டோம். ஏழெட்டு மாதம் கழித்துப் போனபோது ஸ்கேன் படத்தில் ரெட்டினாவின் நடுவே, பள்ளமாக இருக்க வேண்டிய இடம், தோசைக்கல்லில் உப்பிய மாவு மாதிரி மேடிட்டிருந்தது. ஊசி போட்டதும் வீக்கம் வடிந்தது, பார்வை மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை. இன்றைக்கும் வாசலில் யாராவது வந்து நின்றால் அவருக்குத் தோள் தெரிகிறது, சேலை நிறம் தெரிகிறது, முகம் இருக்கும் இடம் கலங்கிக் கிடக்கிறது, குரல் கேட்ட பிறகுதான் "நீயா, வா" என்பார். நீர் நாள்பட நின்றால் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் அழிந்துபோகும். அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்வி. ஊசியில் உள்ளே போகும் மருந்து 0.05 மில்லி, கிட்டத்தட்ட ஒரு சொட்டுதான். அதே ஒரு சொட்டை வெளியே விட்டால் ஏன் வேலை செய்யாது?

அம்மாவுக்குச் சொட்டு விடும்போது கவனித்திருப்பீர்கள், ரெண்டு நிமிஷத்தில் தொண்டையில் கசக்கிறது என்பார். கண்ணின் உள்மூலையில் இருக்கும் கண்ணீர்த் துவாரம் வழியாக மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கிவிடுகிறது, கொஞ்சம் கன்னத்தில் வழிகிறது. கண்ணின் முன்பகுதிக்குள் போய்ச் சேருவதே நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. ரெட்டினா இருப்பது கடைசிச் சுவரில். அதோடு, அம்மாவுக்குப் போடும் வகை மருந்து ஒரு பெரிய புரதம். அந்த வகையில் ஒன்றான அவாஸ்டினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 1,49,000 டால்டன், சொட்டு மருந்தாக வரும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு 400 டால்டன்கூட இல்லை. அவ்வளவு பெரியது கருவிழியைத் தாண்டிப் போகாது.

ரத்தம் வழியாக அனுப்பலாமே என்றால், ரெட்டினாவின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டு காவல் நிற்கின்றன, மூளையில் இருப்பது போலவே. அந்தக் காவலைத் தாண்டுவதில்தான் 'சின்னது' உதவுகிறது. 2009இல் தென்கொரியாவில் எலிகளின் ரத்தத்தில் தங்கத் துகள்களைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 நானோமீட்டர் துகள் ரெட்டினாவுக்குள் போனது, 100 நானோமீட்டர் துகள் போகவில்லை (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). நான் அந்த வரியை எழுதியபோது மனதில் இருந்தது இதுதான்.

ஆனால் கண்ணுக்குள்ளேயே, லென்ஸுக்கும் ரெட்டினாவுக்கும் நடுவில், சுமார் 4 மில்லி ஜெல் இருக்கிறது. விட்ரியஸ் என்பார்கள், நுங்கின் உள்ளே இருப்பது மாதிரி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாட்டுக் கண்ணின் ஜெல்லை எடுத்து அதற்குள் துகள்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள், 2013இல் வெளிவந்தது. அந்த ஜெல் ஒரு வலை, அதன் கண்ணி சுமார் 550 நானோமீட்டர். 500 நானோமீட்டர் துகளே, மேலே சரியான பூச்சு இருந்தால், வழுக்கிக்கொண்டு போகிறது. அதைவிடச் சின்னத் துகளாக இருந்தாலும் மேற்பரப்பில் நேர்மின்சுமை இருந்தால் மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் ஜெல்லில் இருக்கும் ஹையலுரானிக் அமிலம் எதிர்மின்சுமை கொண்டது. அளவு ஒரு பக்கம், மேலே என்ன சட்டை போட்டிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். நான் சட்டையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நானோ மருந்து ரெட்டினாவுக்குப் புதுசும் இல்லை. வெர்டிபோர்ஃபின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டே அனுமதி கிடைத்துவிட்டது, முதுமையில் ரெட்டினாவுக்கு அடியில் கண்டபடி முளைக்கும் ரத்தக் குழாய்களுக்காக. மருந்தை லிபோசோம் என்ற கொழுப்புக் குமிழியில் ஏற்றி, கை நரம்பு வழியாக 10 நிமிஷம் செலுத்துவார்கள். செலுத்த ஆரம்பித்து 15 நிமிஷமானதும் கண்ணுக்குள் சிவப்பு லேசரை 83 வினாடி அடிப்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில்தான் மருந்து விழித்துக்கொண்டு குழாயை அடைக்கும். குமிழி மருந்தைச் சுமந்தது, இடத்தைச் சரியாகக் காட்டியது வெளிச்சம். மருந்து உடம்பெல்லாம் பரவியிருப்பதால் நோயாளி 5 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது, தோல் வெந்துவிடும். 2006இல், அவாஸ்டின் வகையையே சேர்ந்த ரானிபிசுமாப் என்ற கண் ஊசி வந்தபோது, பார்வை இறங்காமல் நிறுத்துவதோடு நிற்காமல் பலருக்குப் பார்வையை ஏற்றியும் கொடுத்ததால், ஊசி முன்னுக்கு வந்தது. நம் அம்மாக்கள் இவ்வளவு பயப்படும் அந்த ஊசி, நானோ மருந்தை ஓரங்கட்டித்தான் வந்தது என்பதை அந்த வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

சொட்டு முயற்சி பொய்யில்லை. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் லோஃப்ட்சன், ஸ்டெஃபான்சன் இருவரும் பல வருஷம் உழைத்து, சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையங்களுக்குள் டெக்ஸாமெத்தசோனை உட்கார வைத்து, அவை நுண்துகள்களாகத் திரண்டு கண்ணின் மேல் கூடுதல் நேரம் தங்கும்படி செய்தார்கள். சர்க்கரையால் வரும் இதே ரெட்டினா வீக்கத்துக்கு அது மூன்றாம் கட்ட மனிதச் சோதனைவரை வந்திருக்கிறது. எனக்கு அதில் உண்மையான நம்பிக்கை உண்டு. ஆனால் அது ஸ்டீராய்டு, அம்மாவுக்குப் போடுவது வேறு மருந்து. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். இன்றைக்கு நம் ஊர் மருந்துக்கடையில், ஊசியை நிறுத்திவிட்டு இதைப் போடுங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுக்கும்படியான நானோ சொட்டு கிடையாது. அந்த வீடியோவில் மருந்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அதை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

செலவும் ஒரு காரணம் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவாஸ்டின் புற்றுநோய்க்காக வந்தது, ஒரு குப்பியைப் பல கண்களுக்குப் பிரித்துப் போட முடிவதால் விலை மிகவும் குறைவு. ரானிபிசுமாபுக்கு நிகரான உள்நாட்டுத் தயாரிப்பும் இந்தியாவில் 2015 முதல் இருக்கிறது. எது அம்மாவுக்குப் பொருந்தும் என்பதை ஸ்கேனைப் பார்த்து அவர் சொல்வார்.

பயத்துக்கு ஒன்று. பெரியம்மா சொன்னது, ஊசியைவிட எரிச்சல் கொடுத்தது கிருமி போக அதற்கு முன்னால் விடும் அயோடின்தான், அது சாயங்காலம்வரை மணல் விழுந்த மாதிரி உறுத்தும். ஊசி குத்துவது கருவிழியில் இல்லை, ஓரத்து வெள்ளையில், அதுவும் மரத்துப்போன பிறகு. "மேலே பாருங்கம்மா" என்பதற்குள் முடிந்துவிடும். வெளியே வந்ததும் பார்வைக்குள் ஒன்றிரண்டு கறுப்புக் குமிழி மிதக்கலாம், ஊசியோடு போன காற்று அது, ஓரிரு நாளில் கரைந்துவிடும். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கண் போய்விட்டது என்று பயந்துவிடுவார். ஆனால் அடுத்த சில நாளில் வலி கூடினாலோ, கண் நன்றாகச் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.